பேராசிரியர் மகள்

நானும் தங்கையும் ஒரே நாளில், ஒரே அறையில் ஆங்கிலத் தேர்வு எழுதினோம். பேச்சுப் பகுதி வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் பேச வேண்டும். பத்துப் பேரும் சேர்ந்து கத்தியதில் அறை சந்தைக்கடையாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு, அவ்வளவுதான். நாங்கள் இருவருமே நர்ஸ். தேறினால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. விண்ணப்பிக்கும் கெடு அந்த வாரத்தோடு முடிகிறது, இன்னொரு முறை எழுத நேரமில்லை.

அப்பா எங்கள் பைகளையும் போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறார். மாடி எண்களைத் தாண்டி அவருக்கு ஆங்கிலம் கிடையாது.

திரையில் கேள்வி வந்தது: உங்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர் யார்? பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்த பதில் என்னிடம் தயாராக இருந்தது. அதில் இருந்தபடியே, என் அப்பா கல்லூரிப் பேராசிரியர் என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டேனா? வீடு நிறையப் புத்தகம், சாப்பிடும்போதுகூட ஆங்கிலம்தான் என்று அளந்துகொண்டே போனேன். லிஃப்ட்காரர் மகள் என்றால் கம்ப்யூட்டர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுமா என்ன? சொல்லச் சொல்ல எனக்குச் சுகமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பக்கத்தில் தங்கையின் குரல் சட்டென்று நின்றது. பின்னால் சாய்ந்து, தடுப்பைத் தாண்டி என்னையே பார்த்தாள். மூன்று விநாடி பேசாவிட்டால் மைக் தானாக அணைந்துவிடும், போனது போனதுதான். அது அவளுக்கும் தெரியும். அடுத்த கேள்விக்கும் அவள் குரல் கேட்கவில்லை. நான் என்ன செய்தேன்? என் பதில்களை ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

மறுநாள் முடிவு வந்தது. நான் தேறிவிட்டேன். அவள் பேச்சுப் பகுதியில் தோற்றுவிட்டாள்.

"வீட்ல வாயே மூட மாட்டியேம்மா, அங்க என்ன ஆச்சு?" என்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"தெரியலப்பா. திடீர்னு பேச்சே வரல."

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அக்காவப் பாரு, கேட்டதுக்கெல்லாம் டக்டக்னு பதில் சொல்லிட்டு வந்திருக்கா," என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொன்னேன்னு இவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடும்மா."

தங்கை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அதெல்லாம் எனக்கு வராதுப்பா," என்றாள்.