நான்கு கயிறுகளும் ஒன்பதாவது வளைவும்

அந்த மலையில் ஓடும் ஒவ்வொரு காரின் டிக்கியிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வளைவுகளில் கார் வழுக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆரோக்கியம் ஓட்டும் காரில் அந்த வேலையை மரகதவல்லி பார்த்தாள்.

ஸ்டியரிங்கிலிருந்து வரும் நூல் அவள் கட்டைவிரலில் கட்டியிருக்கும். ஆரோக்கியம் எவ்வளவு திரும்ப நினைக்கிறான் என்பதை அது சொல்லும். மடியில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். அதில் மிதக்கும் வேப்பிலை, கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் அவள் சும்மா இருக்கலாம். ஒத்துப்போகாவிட்டால், நான்கு சக்கரங்களின் பிரேக்கிலிருந்து வரும் நான்கு கயிறுகளில் சரியானதை இழுக்க வேண்டும். ஐந்தாவது கயிறு ஆரோக்கியத்தின் கால் பெருவிரலில் முடிந்திருந்தது. அதைச் சுண்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழும்பிவிடும்.

போன மாதம் அவள் கயிறு மாற்றி இழுத்ததில் கார் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது. அதனால் இன்று ஆய்வாளர் தண்டபாணி, விளிம்புவரை டீ நிரம்பிய டம்ளருடன் முன் இருக்கையில் ஏறினார். ஒரு சொட்டு சிந்தினாலும் மரகதவல்லியை ஹாரன் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். பானட்டுக்குள் உட்கார்ந்து நாளெல்லாம் கத்த வேண்டும். அவளுக்கோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாலே தொண்டை கட்டிக்கொள்ளும்.

"மழை பேஞ்சிருக்கு அக்கா. என் மானத்தை வாங்கிடாதீங்க," என்றான் ஆரோக்கியம்.

"உன் மானம் உன் கால்ல இருக்கு தம்பி. மெதுவா மிதி."

எட்டு வளைவுகள் வரை அவன் மெதுவாகத்தான் மிதித்தான். ஒன்பதாவது, வலப்பக்க வளைவு. நூல் வலப்பக்கம் இழுத்தது. இலை அசையவேயில்லை. கார் நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மரகதவல்லி பெருவிரல் கயிற்றைச் சுண்டினாள். வலது பின்சக்கரக் கயிற்றை இழுத்தாள். காரின் மூக்கு உள்ளே திரும்பியது. இப்போது இலை தேவைக்கு மேல் சுழன்றது. காரின் பின்புறம் வெளியே ஒதுங்கப் பார்த்தது. அந்தக் கயிற்றை விட்டுவிட்டு இடது முன்சக்கரக் கயிற்றைப் பிடித்தாள். நூலும் இலையும் ஒத்துப்போயின. டம்ளரின் விளிம்பில் புடைத்து நின்ற டீ, அப்படியே அடங்கியது.

அடிவாரத்தில் தண்டபாணி டீயைக் குடித்தார்.

"ஆறிப்போச்சு," என்றார். "நீங்க டிக்கியிலயே இருங்கம்மா."

அதற்குள் சோதனைச் சாவடிக் காவலாளி விசிலடித்துக்கொண்டு வந்தார். "வளைவை இங்க நிறுத்தாதீங்க. பஸ் திரும்புற இடம்."

மரகதவல்லி எட்டிப் பார்த்தாள். பிடிமானம் நன்றாக இருந்ததால் ஒன்பதாவது வளைவு மலையிலிருந்து பெயர்ந்து, தடுப்புச் சுவரோடு, சக்கரங்களின் கூடவே வந்திருந்தது.

"ஓரமா தள்ளிடறோம் அண்ணே," என்றாள்.

நான்கு பேரும் சேர்ந்து அதைப் புளியமர நிழலுக்குத் தள்ளினார்கள். வளைவோடு சேர்ந்து வந்து, அதன் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு மட்டும் இறங்கி ஒரு கை கொடுக்கவில்லை.