சிவப்பு அம்பு

அரசாங்கத் தமிழில் ரகசியத்துக்கு ‘மந்தணம்’ என்று பெயர். அந்தச் சொல்லை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். நான் சுப்புலட்சுமி. தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நாடு கவிழ்ந்துவிடும் அளவுக்கு எங்களிடம் எந்த ரகசியமும் கிடையாது. ஊர் ஊராகப் போய் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, குடிக்கலாமா கூடாதா என்று சொல்கிற வேலை. குடிக்கிறவனுக்குத் தெரியக்கூடாத மந்தணம் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன கோடையில் ஓடைக்கரை ஊர்கள் சிலவற்றில் எடுத்த தண்ணீர் ஒன்றுகூடத் தேறவில்லை. எங்கோ ஒரு சாயப்பட்டறை ராத்திரி ராத்திரியாகக் கழிவைத் திறந்துவிட்டிருக்கிறது. அறிக்கை சென்னைக்குப் போனது. ‘மந்தணம்’ குத்தி பீரோவில் வைக்கச் சொல்லி பதில் வந்தது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஊர்க்காரர்களுக்காவது சொல்லலாமா என்று கேட்டு நான் எழுதினேன். ‘உரிய காலத்தில் வெளியிடப்படும்’ என்றார்கள். மறுபடி எழுதினேன். அதே வரியை மறுபடி அனுப்பினார்கள்.

அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நதியா. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அம்மாவோடு திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்துப் பட்டம் வாங்கியவள். தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்து நின்றது நினைவிருக்கிறது. பட்டியலில் இருந்த மாரியம்மன் கோயில் போர் அவள் குடியிருக்கும் தெருவில்தான் இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் மகளுக்குப் பால் கலக்கிறாள். அவள் அன்றே கேன் தண்ணீருக்கு மாறிவிட்டாள். தெருவில் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவதை தினம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை எல்லோர் போனிலும் ஒரு படம் வந்து நின்றது. எங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கம், போனில் எடுத்தது. ‘குடிப்பதற்கு உகந்ததல்ல’ என்ற வரியைக் காட்டிக்கொண்டு ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு. மத்தியானத்துக்குள் பெண்கள் காலிக்குடங்களோடு தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் தொலைக்காட்சியில் துறையின் மறுப்பு வந்தது. அது போலி ஆவணம், அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை, மக்கள் அச்சமின்றி வழக்கம்போல் தண்ணீரைப் பயன்படுத்தலாம்.

சொல்லாமல் இருந்ததைக்கூட சோம்பல் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அதையே குடிக்கச் சொல்வது வேறு. நான்கு வீட்டுக்காரர்களாவது அதை நம்பி மறுபடி குடத்தைத் தூக்கியிருப்பார்கள்.

மறுநாளே சென்னையிலிருந்து ஓர் இணை இயக்குநர் வந்து இறங்கினார், அறிக்கையை வெளியே விட்டது யார் என்று கண்டுபிடிக்க. இல்லாத அறிக்கையை யாரால் வெளியே விடமுடியும் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருப்பதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அவர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அம்பைச் சுட்டிக்காட்டி, இதை போனில் எந்த ஆப் வைத்து வரைந்திருப்பார்கள் என்று கேட்டார்.

திருப்பூரில் அந்த அம்பைத் தெரியாத வீடு கிடையாது. பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டுப்போனதோ கண்ணில் பட்டால் செக்கிங் பெண்கள் அந்த இடத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. தாள் தாளாக வரும். பையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து குளிர்சாதனப்பெட்டி மேலும் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் உட்கார்ந்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தவள் நதியா ஒருத்திதான். பழகிய கை, பழுதைப் பார்த்ததும் ஒட்டிவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறது. டிரைவர் வேலுமணி கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அரசாங்கம் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டிருந்தது. இப்போது எங்களிடமும் ஒன்று இருந்தது.

அவர் சும்மா திரும்பிப் போக வந்தவர் இல்லை. சாயங்காலத்துக்குள் யார் தலையாவது உருள வேண்டும் என்று போனில் யாரோ அவரை விரட்டிக்கொண்டே இருந்தார்கள். பீரோ இருக்கும் அறையை தினம் காலையில் திறப்பது யார் என்று கேட்டார். கூட்டிப் பெருக்கும் கருத்தம்மா என்று தெரிந்ததும், போலீசைக் கூப்பிட்டு அந்த அம்மாவை விசாரிக்கலாம் என்றார். கருத்தம்மாவுக்குக் கையெழுத்துப் போடவே வராது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

“அவங்களை விடுங்க சார். நாந்தான் எடுத்தேன்” என்றாள் நதியா.

இணை இயக்குநர் அவளை என் அறைக்கு அழைத்துவந்து உட்காரச் சொன்னார். சாட்சிக்கு நானும் இருந்தேன். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், குழந்தை என்ன படிக்கிறது என்று விசாரித்தார். பிறகு ஒரு வழி இருக்கிறது என்றார். அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் விளையாட்டாகத் தானே தயாரித்ததாக நதியா எழுதிக் கொடுத்துவிடவேண்டும். போலீஸ், கேஸ் எதுவும் வராது. வேலையிலிருந்து ஒரு மாதம் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ள அவரே ஏற்பாடு செய்வார். துறை சொன்னதும் பொய்யாகாது, அவள் வாழ்க்கையும் வீணாகாது.

நதியா கணவன் விட்டுவிட்டுப் போனவள். வாடகையும் பள்ளிக்கூடத்துச் செலவும் அவள் ஒருத்தி தலையில். எழுதிக் கொடுத்துவிடு என்று சொல்ல எனக்கே நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள் என்றும் தோன்றுகிறது.

“கம்பெனில பீஸ்ல ஓட்டை இருந்தா அம்பு ஒட்டணும் சார்” என்றாள் கடைசியில். “ஒட்டலேன்னா அது அப்பிடியே பாக்கிங் ஆயி யாரோ போட்டுக்கிருவாங்க. நான் அம்புதான் ஒட்டுனேன். ஓட்டையை நான் போட்டேன்னு எழுதித் தரமாட்டேன்.”

அவருக்கு முகம் சிவந்தது. அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவள் எழுதாவிட்டால் என்ன, ஆவணங்களுக்குப் பொறுப்பு நான்தான். இப்படி ஓர் அறிக்கை இந்த அலுவலகத்தில் இல்லை என்று நான் ஒரு சான்று கொடுத்தால் போதும். போலி என்பது நிரூபணமாகிவிடும், நதியா மேல் மோசடி வழக்குப் போடலாம். சொல்லிக்கொண்டே வெள்ளைத்தாளை என் முன்னால் நகர்த்தினார்.

பயமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஓய்வூதியம் கண்முன் வந்துபோனது. என் வீட்டுக்காரர் மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர். தறி பாதி நாள் நின்றுதான் கிடக்கிறது. ‘தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்ற வாக்கியம் என் பேனாவுக்கு மனப்பாடம். தகவல் கேட்டு வருகிற மனுக்களுக்கு மேலதிகாரிகள் சொல்கிறபடி எழுதி எழுதிப் பழகியது. இந்தத் தடவை அந்த வாக்கியத்தின் மறுமுனையில் நதியா நின்றுகொண்டிருந்தாள். கோயில் போரில் குடம் வைத்திருக்கும் அவ்வளவு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். இருக்கிறது என்று எழுதி, கோப்பு எண்ணையும் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

“ஏனுங்க மேடம், இது உங்களுக்கே வினையாயிடும்னு தெரியுமில்ல?” என்றார், எங்கள் ஊர்ப் பேச்சை இரவல் வாங்கிக்கொண்டு.

“தெரியுமுங்க. ஆனா பீரோவத் தொறந்தா அது அங்கதானுங்களே இருக்குது” என்றேன்.

அந்தத் தாளை அவர் கிழித்துப்போட்டார். இன்னொன்று கேட்டால் மறுபடி அதையேதான் எழுதித்தருவேன் என்பது அவருக்குப் புரிந்திருக்கும், கேட்கவில்லை. அதற்குள் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினார். சரிங்க ஐயா, இன்னிக்கே ஐயா, அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடறேன் ஐயா. வைத்ததும் நதியாவின் பணிநீக்க ஆணையைத் தயார் செய்யச் சொன்னார். காரணம் என்ன போடுவது என்று கேட்டேன். காரணம் சொல்லாத ஆணை கோர்ட்டில் நிற்காது என்பது அவருக்கும் தெரியும்.

“அலுவலகத்து மந்தண அறிக்கையை லீக் பண்ணினதுக்குன்னு போடுங்க. வேற என்ன காரணம் இருக்கு?”

அவர் சொன்னதைத்தான் நான் தட்டச்சு செய்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ‘இவ்வலுவலகத்தின் குடிநீர் ஆய்வறிக்கையை, மந்தணம் என முத்திரையிடப்பட்டிருந்தும், அனுமதியின்றி வெளியிட்ட காரணத்தால்’ என்று கோப்பு எண்ணும் தேதியும் சேர்த்து அடித்தேன். அவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். படித்துப் பார்த்து நிறுத்தினாரா, களைப்பில் நிறுத்தினாரா, எனக்குத் தெரியாது. போன் மறுபடி அடித்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிட்டு, காரை எடுக்கச் சொன்னார்.

நகலைக் கொடுக்க நான்தான் வெளியே போனேன். வண்டி நிறுத்தும் கூரையடியில் தன் ஸ்கூட்டி மேல் சாய்ந்து நதியா அழுதுகொண்டிருந்தாள். பெற்றுக்கொண்டதற்கு என்னிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மறுபடி செக்கிங்குக்கே போகவேண்டியதுதான், நின்றுகொண்டே பார்க்கிற வேலை, இப்போது முதுகு தாங்குமா என்று தெரியவில்லை என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. தாளைப் படி என்று மட்டும் சொன்னேன்.

படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள்.

“அக்கா, அந்த ரிப்போர்ட்டு நெசம்னு இவங்களே எழுதிக் குடுத்திருக்காங்கக்கா.”

“ஆமாங் கண்ணு.”

“இதை நான் யாருக்காவது காட்டுனா தப்பா?”

“உம்பேருக்கு வந்த ஆர்டரு. யாருக்கு வேணும்னாலும் காட்டு.”

அவள் புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கூட்டி இருக்கையைக் கையால் தட்டிவிட்டு, ஆணையை அதன் மேல் சுருக்கமில்லாமல் விரித்துப் பிடித்து, போனை எடுத்தாள்.