ஆளுக்கொரு வாசல்

போட்டிப் பட்டாசுக் கம்பெனிகளின் பூச்சட்டிகளை எரியவிட்டு மாரிசெல்வி நேரம் பார்த்தாள். சிவகாசிக்கு வெளியே விஸ்வநத்தம் தாண்டி, கருவேலங்காட்டு ஓரத்துப் பொட்டலில் போர்மேன் முத்துப்பாண்டி ஒவ்வொன்றாகப் பற்றவைக்க, அவள் செல்போனில் நொடிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். மற்ற நான்கு கம்பெனிச் சரக்கும் இருபது நொடிக்குள் அடங்கிப் புகைந்தன. அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பூச்சட்டி முப்பத்தொரு நொடி நின்று எரிந்தது.

“நம்ம சரக்குதான் ஒசத்தி, எளுதிக்கோ,” என்றார் முத்துப்பாண்டி, தன் கையால் செய்தது போல.

மாரிசெல்வி எழுதிக்கொண்டாள். அந்தச் சட்டிக்கு மருந்து செலுத்தியது அவளுடைய அம்மா வள்ளித்தாயாகக்கூட இருக்கலாம். அம்மா அதே கம்பெனியில் ஏழாம் நம்பர் அறையில் வேலை பார்த்தாள். எம்.பி.ஏ. முடித்த மகள் முன்பக்க அலுவலகத்தில் ஆர்டர் பார்த்தாள். காலையில் இருவரும் ஒரே வேனில்தான் போவார்கள்.

மூன்று தீபாவளியாக விற்பனை இறங்கிக்கொண்டே வந்தது. கோர்ட்டில் சரவெடி கூடாது என்றானது. மருந்தில் பேரியம் கூடாது என்றானது. தில்லி ஏஜென்ட் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். ஆனி மாதம் முதலாளி காமராஜ் மாரிசெல்வியைக் கூப்பிட்டிருந்தார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள்.

“நம்ம எங்கன நிக்கோம், மத்தவன் எப்படி ஓடுதான்னு ஒரு ரிப்போர்ட்டு எளுதிக் குடும்மா. ஆடிப் பதினெட்டுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வரணும்.”

ஆடிப் பதினெட்டன்று பூசை போட்டு, புது விலைப் பட்டியலைச் சாமி முன்னால் வைப்பது சிவகாசி வழக்கம். அந்த வருட வியாபாரத்தின் தலையெழுத்து அன்றைக்கே தெரிந்துவிடும்.

பொட்டலிலிருந்து அவள் மொத்தக் கடை சம்சு பாயிடம் போனாள். முப்பத்தொரு நொடியைச் சொன்னாள்.

“நல்ல சரக்கும்மா,” என்றார் சம்சு. “நல்ல சரக்கு, நல்ல சரக்குன்னு சொல்லித்தான் நானும் வருசா வருசம் திருப்பி அனுப்புதேன். சட்டி எரியும்போது எவன் கடிகாரத்தப் பாக்கான்? கடையில டப்பாவப் பாக்கான், வெலையக் கேக்கான்.”

“அவுகளுக்கு மட்டும் அந்த வெல எப்படிக் கட்டுது பாய்?”

“பெரிய கம்பெனிக்காரன் வானத்துல போற ஷாட்டுக்கு மாறிட்டான். மெசினு இருக்கு, ஆளு வேண்டாம். சின்னவன் அறைய உள்குத்தகைக்கு விட்டுட்டான். குத்தகைக்காரன் பாடு, அறை பாடு. நடுவுல லைசென்ஸ் காயிதத்தக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிக்கிட்டு நிக்கிறது ஒங்க அண்ணாச்சி ஒருத்தர்தான்.”

உள்குத்தகை பற்றி அம்மாவுக்குத் தெரியாததில்லை. நாரணாபுரத்தில் அப்படி ஒரு கம்பெனியிலிருந்துதான் நான்கு வருடம் முன்னால் அவள் இங்கே வந்தாள். ராத்திரிச் சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“அறைக்கு நாலு வாசல் எதுக்கு வச்சிருக்கான்? நாலு பேருக்கு. ஏதாச்சும் பொறி தட்டுச்சுன்னா அவ அவ வாசல் வழியா ஓடிரணும். குத்தகைக்காரன் அதுலயே பத்துப் பேர உக்கார வச்சான். நடுவுல இருக்கவ என்ன செய்வா? இங்கன அண்ணாச்சி நாலுன்னா நாலுதான். ஒரு நா அஞ்சாவதா ஒருத்தி பேச வந்து நின்னதுக்கு என்ன ஏச்சு ஏசினாக!”

மாரிசெல்வி பதினான்கு பக்கம் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டாள். மேலே ஐந்து கம்பெனிப் பெயர்கள், கடைசியாகத் தங்களுடையது. இடப்பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் கையாளும் வழிகள்: மெசின், வான ஷாட், நேரடி ஆன்லைன் விற்பனை, அறைகளை உள்குத்தகைக்கு விடுதல். செய்கிறவர்களுக்கு டிக், செய்யாதவர்களுக்குப் பெருக்கல் குறி. எதையும் மறைக்காமல் எழுதியதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. கடைசி வரிசையில், உள்குத்தகைக்கு நேராக, தங்கள் கம்பெனிக்குப் பெருக்கல் குறி போட்டபோது, அது ஒன்றுதான் இந்தத் தாளிலேயே கௌரவமான குறி என்று நினைத்தாள். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பார்த்தாலே தெரியும் என்றிருந்தாள்.

அண்ணாச்சி பதினான்கு பக்கத்தையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். தன் கம்பெனிப் பெயருக்குக் கீழே விரலை வைத்து மேலிருந்து கீழாக இறக்கினார். பெருக்கல், பெருக்கல், பெருக்கல், பெருக்கல்.

“ஒண்ணுகூட நம்ம செய்யலையேம்மா,” என்றார்.

ஆடிப் பதினெட்டுப் பூசையில் விலைப் பட்டியலோடு இன்னொரு தாளும் இருந்தது. அறை நம்பர் மூன்று முதல் பதினொன்று வரை பால்பாண்டி என்பவருக்கு ஒரு வருடக் குத்தகை. அதன் மேலும் குங்குமம் வைத்தார்கள்.

பூசை முடிந்ததும் மாரிசெல்வி அண்ணாச்சியிடம் ஓடினாள். “அண்ணாச்சி, அத நம்ம கொறைன்னு நான் எளுதல. நம்ம ஒருத்தர்தான் ஒளுங்கா இருக்கோம்னுதான்…”

“ஒளுங்கா இருக்கவனுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டு ஆர்டர் வருமாம்மா?” அவர் குரலில் கோபம் இல்லை. “மெசினுக்கு எனக்கு வக்கில்ல. ஷாட்டுக்கு லைசென்ஸ் கெடைக்க வருசம் ஆவும். ஆன்லைன்ல வித்தாலும் வெல இதே வெலதான். இந்தத் தாளுல என்னால செய்ய முடியுறது ஒண்ணே ஒண்ணுதான். இல்லன்னா பூட்டணும். பூட்டுனா எம்புட்டுப் பேரு வெளிய போவாகன்னும் நீதான எளுதியிருக்க? நூத்திப் பன்னெண்டு.”

அதுவும் அவள் எழுதியதுதான். எட்டாம் பக்கம்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். “நீ இனி அங்கன போவ வேண்டாம்.”

“வேற எங்கன போகட்டும்?”

“வேற கம்பெனி இல்லையா?”

வள்ளித்தாய் சிரித்துவிட்டாள். “ஏட்டி, மெசின் வச்சிருக்கவன் என்னைய எடுக்க மாட்டான். மத்தவன் பூராக் குத்தகைதான். ஊரு ஊராப் போயி விசாரிச்சு எளுதுனவ நீ. எங்கிட்டக் கேக்க?”

மாரிசெல்வியின் சம்பளம் மட்டும் போதுமா என்று இருவருமே பேசவில்லை. வீட்டு வாடகையும் தம்பி செல்வக்குமாரின் பாலிடெக்னிக்கும் பேச வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

பால்பாண்டி முதல் நாளே ஏழாம் நம்பர் அறையில் ஒன்பது பேரை உட்கார வைத்தார். சுவரில் வெள்ளை எழுத்தில் ‘ஆட்கள் 4’ என்று இருந்ததை யாரும் அழிக்கவில்லை. ஆய்வுக்கு யாராவது வந்தால் காட்ட, அது அப்படியே இருப்பதுதான் கம்பெனிக்கு நல்லது.

அன்று திரும்பி வந்த அம்மா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். “பிந்திட்டேன். நடுவுலதான் எடம் கெடைச்சுது,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வள்ளித்தாய் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கவில்லை. ஆறு மணிக்கே தூக்குவாளியோடு நடந்து கிளம்பிவிட்டாள். முதலில் வருகிற நாலு பேருக்குத்தான் வாசல் பக்கம். மூன்று நாள் அவளுக்கு இடம் கிடைத்தது. நான்காம் நாள், அவளுக்கு முன்னால் ரோட்டில் ஏழாம் நம்பர் அறைப் பெண்கள் ஐந்து பேர் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வள்ளித்தாய் மகளுடைய செல்போனை எடுத்து வந்து நீட்டினாள்.

“அஞ்சுக்கு அலாரம் வையி.”

மாரிசெல்வி போனைக் கையில் வாங்கினாள். நாலரைக்கு வைத்தாள்.