ஆணி படாத மூடி

பெரிய வாரத்துப் புதன்கிழமை மதியம், மெலானியாவின் வீட்டு மீன்தொட்டியின் மேல் கிடந்த பலகை இரண்டாகப் பிளந்து, அதில் கட்டியிருந்த விளக்கோடு தரையில் விழுந்தது. ஆவி பட்டுப் பட்டு ஊறிப்போன ஒட்டுப்பலகை. அவள் மகன் யாதெர், பள்ளிக்கூடம் போகிற வயதில், கையில் கிடைத்த கயிற்றால் குழல்விளக்கை அதில் கட்டித் தொட்டியின் மேல் குறுக்காகப் போட்டிருந்தான். "நீ தச்சன்தானேப்பா, ஒரு நல்ல மூடி செஞ்சு தாயேன்" என்று தகப்பனைக் கேட்டுக்கொண்டே இருப்பான். "அடுத்த வாரம்டா" என்று அனிபலும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

போன அக்டோபரில் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி யாதெர் இறந்துபோனான். பத்தொன்பது வயது. சவப்பெட்டியை அனிபலே செய்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. கடைசி ஆணியை அடித்து முடித்து, சுத்தியலைப் பட்டறையில் வைத்துப் பூட்டியவன்தான். அதன்பிறகு அந்தப் பூட்டு திறக்கவில்லை. நாற்காலிக்கும் கதவுக்கும் முன்பணம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திரும்பிப் போனார்கள். அவன் முற்றத்தில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, ஆடாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்பர்கள் யாதெரின் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். அது இன்னும் ஒரு முக்காலியின் மேல், சுவரில் சாய்ந்தபடி நின்றது. ஓர் ஆணி அடித்தால் மாட்டிவிடலாம். அந்த ஆணியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

மீன்களுக்கு மெலானியாதான் தீனி போட்டுவந்தாள். வாலில் வண்ணம் விரிந்த சிறிய கப்பி மீன்கள். பலகை விழுந்த மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பூனை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டுப் பார்த்தாள். எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, வயிறு புடைத்த தாய் மீன். பாசிக்கொடிக்குள் அசையாமல் நின்றது. அவசரத்துக்கு, சோளரொட்டி சுடும் இரும்புக்கல்லை எடுத்துத் தொட்டியின் மேல் கவிழ்த்தாள். உள்ளே இருட்டிவிட்டது.

அவளுக்கு மீனைப் பற்றிய கவலை கொஞ்சம்தான். பிள்ளையைப் புதைத்த குழியில் புருஷனும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறான் என்பதே அவள் பயம். அந்தக் கைகள் மறுபடி மரத்தைத் தொட்டுவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று நம்பினாள். இத்தனை மாதமாக அதற்கொரு காரணம் கிடைக்கவில்லை. இப்போது, கல்லுக்கு அடியில், ஒரு விரல் நீளத்தில் அந்தக் காரணம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அனிபல், ஒரு மீன்தான் மிச்சம். இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போடும். மேல ஒரு மூடி வேணும்."

"கடையில வாங்கு."

"பெரிய வியாழனன்னிக்கு எந்தக் கடை திறந்திருக்கு? திங்கக்கிழமைதான் திறப்பாங்க. அதுக்குள்ள பக்கத்து வீட்டு செபாவோட பூனை கல்லையே தள்ளிடும். அது பூனையா, புலி!"

"நாளைக்குப் பெரிய வெள்ளி. ஆணி அடிக்கக் கூடாது."

எங்கள் லெயோன் நகரத்தில், அதுவும் சுதியாபா பேட்டையில், அது சின்ன விஷயமில்லை. ஆண்டவரின் கையில் ஆணி இறங்கிய நாளில் எந்த வீட்டிலும் சுத்தியல் சத்தம் கேட்காது. ஆனால் அனிபல் அதைச் சொன்ன விதத்தில் பக்தியைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. மெலானியாவுக்கு அது தெரிந்தது.

"ஆணி இல்லாம செய்" என்றாள்.

அவன் சுவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு தடவை அவளைப் பார்த்தான்.

அன்று மாலை பாதம் கழுவும் பூசை முடிந்ததும் அவள் நேரே வீட்டுக்கு வரவில்லை. கோயிலின் பக்கவாட்டில், மறுநாள் பவனிக்கான கண்ணாடிப் பேழைக்கு ரொசெந்தோ விளக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அடக்கம் செய்யப்பட்ட ஆண்டவரின் சுரூபம் கிடக்கும் பேழை அது. ரொசெந்தோ மின்வேலைக்காரன், யாதெரின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய நாளிலிருந்து அவனும் அனிபலும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றே அழைத்தார்கள்; பிள்ளையின் தாய் மெலானியா அவனுக்குக் 'கொமாத்ரே'. ஒன்றாக மாங்காய் திருடித் தின்று வளர்ந்தவர்கள்கூட, அந்த உறவு வந்தபிறகு 'நீ' என்பதை விட்டு 'நீங்க' என்றார்கள்.

சறுக்கிய மோட்டார் சைக்கிள் ரொசெந்தோவுடையது. ஞானப்பிள்ளை கேட்டான், சாவியைக் கொடுத்தான். அவ்வளவுதான். அனிபல் அவனை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததே ரொசெந்தோவுக்குத் தாங்க முடியாததாகி, அடக்கத்துக்குப் பிறகு அவன் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை.

மெலானியா விஷயத்தைச் சொல்லி, மூடிக்கு ஒரு விளக்குப் போட்டுத்தர வரச் சொன்னாள். அவன் கையிலிருந்த விளக்குப் பட்டையைச் சுருட்டியபடியே நின்றான்.

"கொமாத்ரே, நான் எந்த முகத்தோட உங்க வாசப்படி ஏறுவேன்?"

"இருக்கிற முகத்தோட வாங்க. வாசப்படியில பாதி எனக்கும் சொந்தம்."

பெரிய வெள்ளி காலையில் தெருவெங்கும் மரத்தூள் கம்பளம் போடத் தொடங்கியிருந்தார்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சாயம் ஏற்றிய தூளில் சிலுவைகளும் பூக்களும் விரிந்தன. எல்லா வருடமும் பாதித் தூள் அனிபலின் பட்டறையிலிருந்துதான் போகும். இந்த வருடம் யாரும் வந்து கேட்கவில்லை.

மெலானியா மாங்காயும் பப்பாளியும் வெல்லப்பாகில் வேகவைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை; திரும்பவும் இல்லை. கிளறிக்கொண்டே, உதட்டுக்குள் மாதாவின் அருள்நிறை மந்திரம் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். அனிபல் மூலையில் நிறுத்தியிருந்த ஒரு தேவதாருப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். யாதெரின் பெட்டிக்கு எடுத்ததில் மிஞ்சிய பலகை. அங்கே வேறு பலகைகளும் இருந்தன. அவள் அடுப்புக்குத் திரும்பினாள்.

சத்தம் குறைவாக வரும்படி மெல்ல மெல்ல அறுத்தான். ஓரங்களில் பல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்தான். மூங்கில் சிம்பைச் சீவி முளையாக்கிப் பசை தடவி உள்ளங்கையால் அழுத்தினான். ஈரத்தில் மரம் ஊறாமலும் மரத்தின் பிசின் தண்ணீரில் இறங்காமலும் இருக்க, பழைய மெழுகுவர்த்தித் துண்டுகளை உட்பக்கம் முழுக்கத் தேய்த்தான். மேல்மூடியைத் தூக்கித் தீனி போட வேண்டுமே. கீலுக்குப் பதிலாகத் தன் பழைய செருப்பின் தோல்வாரை வெட்டி ஒட்டினான்.

உச்சி வெயிலில் ரொசெந்தோ வந்தான். வாசலில் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உத்தரவு உண்டா, கொம்பாத்ரே?"

அனிபல் தலை தூக்கவில்லை. மெலானியாதான் பேசினாள்:

"உள்ள வாங்க. என்ன இப்படி வேர்த்துப்போயிருக்கு, குளிக்கலயா?"

"பெரிய வெள்ளியில குளிச்சா மீனாயிடுவோம்னு எங்கம்மா சொல்லி வளர்த்திருக்கா."

"குளிச்சே வந்திருக்கலாம். தொட்டியில இடம் நிறைய இருக்கு."

"உங்க சமையலைச் சாப்பிட்டுக் கொழுத்துட்டு மூடி இல்லாத தொட்டியிலயா? பூனைக்கு நல்ல விருந்து."

அனிபல் சிரிக்கவில்லை. ஆனால் பலகையின் ஒரு முனையை ரொசெந்தோ பக்கம் நகர்த்தி, "இதைப் பிடிங்க, பசை காயணும்" என்றான். ஆறு மாதத்தில் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை.

ரொசெந்தோ பிடித்துக்கொண்டான். பசை காய்ந்ததும், பேழைக்குப் போட்டதில் மிஞ்சிய விளக்குப் பட்டையை விரித்து, பால்மாவுப் பையின் பளபளக்கும் உட்பக்கத்தை வெட்டி அதற்குப் பின்னால் ஒட்டினான். வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும். ஆவி படாமல் விளக்குக்கு அடியில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தகடு வைத்தான். தகட்டை நிறுத்தப் பையிலிருந்து நான்கு திருகாணிகளை எடுத்தான்.

"ஆணி வேண்டாம்" என்றான் அனிபல்.

"இது திருகாணி, கொம்பாத்ரே. ஆண்டவரை அடிச்சாங்களே தவிர, திருகலயே."

"இன்னிக்கு இதுல இரும்பே இறங்க வேண்டாம்."

தகட்டுக்கும் அனிபல் மூங்கில் சிம்பு சீவினான்.

மாலையில் மூடியைத் தொட்டியின் மேல் இறக்கினார்கள். ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அனிபல் விளிம்பை விரலால் தடவினான். தண்ணீர்கூட நுழையாத மூடி. விளக்குப் போட்டதும் உள்ளே பச்சைக்கொடிகள் எழுந்து வந்தன. பெரிய வயிற்றோடு தாய் மீன் வெளியே நீந்தியது. சற்று நேரத்தில் கண்ணாடியின் மேல்பக்கம் வேர்த்தது. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

ரொசெந்தோ யோசிக்காமல் சொல்லிவிட்டான்:

"ரொம்ப இறுக்கமா செஞ்சுட்டீங்க, கொம்பாத்ரே. காத்து போகணும். உள்ள இருக்கிறது உசிரோட இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மெலானியாவின் கை பாவாடையைப் பிடித்துக்கொண்டது.

அனிபல் மூடியைப் பார்த்தபடி நின்றான். அவன் கைகள் கடைசியாகச் செய்த மூடியையே திரும்பச் செய்திருந்தன. காற்று வேண்டாத மூடி. ஆறு மாதமாக அழாத அவன், தன் மரத்தின் மேல் நெற்றியை வைத்து அழுதான். சத்தம் போட்டு, அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதான். ரொசெந்தோ எங்கே கை வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அவன் முதுகில் வைத்தான். அனிபல் அந்தக் கையை உதறவில்லை.

"வண்டியை நான் குடுத்திருக்கக் கூடாது" என்றான் ரொசெந்தோ.

"அவன் கேட்டான், நீங்க குடுத்தீங்க. என்கிட்டயும் ஒண்ணு கேட்டான். நான் குடுக்கல." அனிபல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "அந்தக் கைத்துளையியை எடுங்க."

பின்பக்கம் வரிசையாகத் துளைகள் போட்டான். ஒவ்வொரு துளையிலிருந்தும் தேவதாரு வாசனையோடு சுருள்தூள் விழுந்தது. மூடியைத் திரும்ப வைத்தபோது வேர்வை மெல்ல விலகியது. மீன் கீழே இறங்கிக் கொடிக்குள் போனது.

தரையில் கிடந்த தூளை மெலானியா கூட்டி அள்ளினாள். இரண்டு கை நிறையத்தான் இருந்தது. தெருவில் கம்பளத்தை முடித்துக்கொண்டிருந்தவர்களிடம் கொண்டுபோனாள். சாயம் ஏற்ற நேரமில்லை. அவர்கள் ஒன்றும் கேட்காமல், ஒரு பூவின் நடுவில் அதை அப்படியே தூவினார்கள்.

இருட்டும் வேளையில் பவனி வந்தது. வியாழன் முதல் மணிகள் ஊமை; மரக்கிலுகிலுப்பையின் சத்தம் மட்டும். எங்கள் தெருவில் பேழை கடக்கும்வரை வீட்டு விளக்குகளை அணைத்துவிடுவது வழக்கம். மெலானியா தொட்டி விளக்கின் பொத்தானுக்குக் கை நீட்டினாள்.

"அது இருக்கட்டும். வெளியே தெரியாது" என்றான் அனிபல்.

உண்மைதான். கூசும் விளக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. கண்ணாடிக்குள் இருந்ததுதான் தெரிந்தது. நல்லது செய்கிறவர்களும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். வாசலில் மூன்று பேரும் முழந்தாளிட்டார்கள். ரொசெந்தோவின் விளக்குகளில் மிதந்தபடி, தூள் பூக்களின் மேல் பேழை கடந்து போனது. அவர்கள் எழுந்து உள்ளே வந்தபோது, கொடிகளுக்கிடையே கடுகு மாதிரிக் கண்கள் தெரிந்தன. மெலானியா எண்ணத் தொடங்கினாள். அவை நிற்கவில்லை, எண்ணிக்கை தவறிப்போயிற்று.

"இவ்வளவு பிள்ளைக்கும் நான் ஞானத்தகப்பனாக முடியாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றான் ரொசெந்தோ.

அனிபல் சிரித்தான். சிரித்தான் என்று சொல்வதைவிட, மூச்சு விட்டான் என்று சொல்லலாம்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறு காலையில் கோயில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. அவை ஓய்ந்த பிறகு, அந்த வீட்டிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. முதல் ஆணி வளைந்துவிட்டது. கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டாவது இறங்கியது. மெலானியா முக்காலியிலிருந்து படத்தை எடுத்துத் தன் பாவாடை நுனியால் துடைத்து அவனிடம் கொடுத்தாள்.

மீன்தொட்டிக்கு நேர் மேலே மாட்டினான். பிறகு கீழே குனிந்து, தோல்வாரில் மடியும் மேல்மூடியைத் தூக்கி, ஒரு சிட்டிகைத் தீனி போட்டான்.