ஓர் இமை முடி

ஆறு வாரமாக ஆய்வகத்தில் அந்த எலும்பு அவளைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. கடுகளவுத் துண்டுதான். அதிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்து, ஆல்கஹாலில் ஈரத்தை வடித்து, பிசின் ஊட்டி, சூட்டில் இறுகவைத்து, இன்றுதான் வைரக் கத்திக்குக் கொண்டுவந்திருந்தாள். கத்தியை ஒட்டிய சிறு தொட்டித் தண்ணீரில் சீவல்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க அவற்றை வலைத்தகட்டில் ஏற்ற வேண்டும். ஊசி பட்டால் கந்தலாகிவிடும். பல்குத்தும் குச்சியின் நுனியில் நகப்பூச்சால் ஒட்டிய ஓர் இமை முடியால்தான் தள்ள முடியும்.

அவள் குச்சியில் இருந்தது தங்கையின் இமை முடி. "உனக்கு இமைன்னு பேருக்குத்தான் இருக்கு. என்னோடத எடுத்துக்கோ. ஆனா எலிக் குடலையெல்லாம் தள்ளக் கூடாது, சொல்லிட்டேன்" என்று நான்கு வருடத்துக்கு முன்னால் கொடுத்தாள். பிறகு அவளுக்கு நோய் வந்தது. மருந்தில் தலைமுடி, புருவம், இமை எல்லாம் கொட்டின. மூன்று மாதத்துக்கு முன் அவளும் போய்ச் சேர்ந்தாள். அவள் உடம்பில் மிச்சம் அந்த ஒற்றை முடிதான். இதை இவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவாள்.

குச்சியை லென்ஸுக்கு அடியில் நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். நுனியில் இருந்தது வேறு முடி, குட்டையாக.

"பாத்தீங்களா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். பத்து வருடமாக அதே அறையில் வேலை செய்பவர். "உங்களுது ரொம்ப வளைஞ்சு கெடந்துச்சு. பாவம், தங்கச்சி போன துக்கத்துல எலும்போட வேற மல்லுக்கட்டுறீங்களேன்னு, காலையில என்னோடதையே பிடுங்கி ஒட்டிட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, போங்க."

"பழசு எங்க சார்?"

"அதுவா? இங்கயே ஊதி விட்டுட்டேன்."

சாவு வீட்டில் வராத அழுகை அப்போது முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவருடைய இடது கண் இன்னும் சிவந்திருந்தது.

"தேங்க்ஸ் சார்" என்றாள்.

அவருடைய முடியாலேயே சீவல்களைத் தள்ளி ஏற்றினாள். ஒன்றுகூடக் கிழியவில்லை.

அவர் சாப்பிடப் போனதும் மண்டியிட்டு, அவர் மேசைக்கடியில் இருந்த தூசியையெல்லாம் வெள்ளைக் காகிதத்தில் கூட்டி எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். பிசின் துகள், நூல் பிசிறு, ஒரு சர்க்கரைப் பரல். அவற்றுக்கு நடுவே மூன்று இமை முடிகள்.

மிதக்கும் சீவலின் நிறத்தை வைத்தே அதன் தடிமனைச் சொல்லிவிடும் கண்கள் அவளுடையவை. மூன்றும் கறுப்பு. மூன்றும் வளைந்திருந்தன.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கொஞ்சம் விட்டாலும் பறந்துவிடும்.