ஈசானி மூலைக் கல்

ஹேமலதாவோட விசிட்டிங் கார்டுல போட்டிருக்கிறது 'சைட் எக்ஸிகியூட்டிவ்'. கேக்க ஜோராத்தான் இருக்கும். செய்யற வேலை இன்னான்னா, கரிக்கலாம்பாக்கத்துல நேத்து வரைக்கும் நெல்லு வெளைஞ்ச நெலத்துல மனைக் கல்லுங்களுக்கு மஞ்ச பெயின்ட் அடிக்கணும், கருப்புல நம்பர் எழுதணும், புல்லு மொளைச்சா புடுங்கணும், கார்ல எவனாவது வந்து எறங்கினா கொடையைப் புடிச்சிக்கிட்டு ஓடணும். மொத்தம் நாப்பத்திரெண்டு மனை. நாப்பத்தொண்ணு போயிடுச்சு. பாக்கி ஒண்ணே ஒண்ணு, பதினேழு.

அது போற அன்னிக்கு அவ வேலையும் போயிடும். வேற வேலை கெடைக்காதான்னு கேப்பீங்க. கெடைக்கும், கம்பெனி பஸ்ஸு தெரு வரைக்கும் வருது. ஆனா எந்தக் கம்பெனிக்காரன் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வூட்டுக்கு வுடுவான்? அவ புருஷன் முத்துக்குமரன் கொத்தனாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சாரத்துலேர்ந்து வுழுந்ததுல இடுப்புக்குக் கீழ ஒண்ணும் வேலை செய்யல. மத்தியானத்துல ஒரு தடவை பொரட்டிப் படுக்க வெக்கலைன்னா முதுகு புண்ணாயிடும். இங்கேர்ந்து சைக்கிள்ல அஞ்சு நிமிஷம் வூடு. அதுவும் இதே மொதலாளி செந்தில்நாதன் போட்ட மொத லே-அவுட்லதான். முத்துக்குமரன் நல்லா இருந்தப்ப, அவன் கையாலேயே கட்டின வூடு.

செந்தில்நாதன் குடும்பத்துக்கு வில்லியனூர் கடைத்தெருவுல பாத்திரக் கடை. இவரு மட்டும் நெலத்துல எறங்கிட்டாரு. போன மாசம் ஏதோ ஓட்டல்ல மூணு நாள் டிரெய்னிங் போயிட்டு வந்ததுலேர்ந்து மனுசன் பேச்சே மாறிப்போச்சு.

"சார், புதுசா போடற பாகூர் சைட்டுக்கு என்னையும் சேத்துக்கோங்க சார்"னு இவ போயி நின்னா, அவரு சிரிக்கிறாரு.

"வேற எடம் எதுக்கும்மா தேடற? மேல போறதுக்கான வழி இப்ப செய்யற வேலைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். கண்ணைத் தொறந்து பாக்கணும். விஜயராணியைப் பாரு, உன்ன மாதிரி கல்லுக்கு பெயின்ட் அடிச்சவதான். இன்னிக்கு வில்லியனூர் ஆபீஸ்ல ஏசி ரூமு."

விஜயராணியை ஹேமலதாவுக்குத் தெரியாதா? இவங்க மனை பாக்கப் போனப்ப கொடை புடிச்சவளே அவதான். வழியெல்லாம் வாய் ஓயாம பேசிக்கிட்டு வந்தா. மனையோட ஒரு மூலையில நின்னு முத்துக்குமரன், "இங்க காத்து ஜில்லுனு வருது, படுக்கிற ரூமை இங்க போட்டுக்கலாம்"னு சொன்னப்ப, என்னமோ சொல்ல வாயத் தொறந்தா. அப்புறம் "தொண்டை காயுதுக்கா"ன்னு ஒரு பாட்டில் தண்ணிய மடமடன்னு குடிச்சா. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. அடுத்த மாசமே ஏசி ரூமுக்குப் போயிட்டா. குடுத்து வெச்ச மகராசின்னு ஹேமலதா எத்தனையோ நாள் பொருமியிருக்கா.

சரி, கண்ணைத் தொறந்துதான் பாப்போமேன்னு, உள்ளுக்குள்ள மொதலாளியத் திட்டிக்கிட்டே சித்திரை வெயில்ல பெயின்ட் டப்பாவோட சுத்தினா. அப்பத்தான் பட்டுச்சு. அத்தனை கல்லுலயும் நம்பர் நிமிந்து நிக்குது. பதினேழாம் மனையோட ஈசானி மூலைக் கல்லுல மட்டும் நம்பர் பாதிதான் தெரியுது. தோண்டி எடுத்து, மண்ணு கெட்டிச்சி, நேரா நட்டா. மறுநாள் ஒரு விரக்கடை எறங்கியிருந்துச்சு. அதுக்கு மறுநாள் இன்னொரு விரக்கடை. மத்த கல்லையெல்லாம் தொட்டா கை பொசுங்குது. இது மட்டும் ஈரமா, சில்லுனு, செத்தவங்க கை மாதிரி இருந்துச்சு.

உச்சி வெயில். சுத்துமுத்தும் ஒரு காக்கா இல்ல. கல்லுகிட்ட குந்தி பெயின்ட் அடிச்சிக்கிட்டிருந்தவளுக்குக் காதுல கேட்டுச்சு. அசந்து தூங்கற மனுசன் வுடற மூச்சு. ஹ்ஹா... ன்னு மண்ணுக்குள்ளேர்ந்து வெளிய வந்துச்சு. அவ கை அப்படியே நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் கல்லு ஓரத்துல கெடந்த காஞ்ச புல்லெல்லாம் மெதுவா நகந்து, ஒண்ணொண்ணா உள்ள போச்சு. அய்யோ சாமின்னு பிரஷ்ஷைப் போட்டுட்டு எழுந்து ஓடினா.

ரோட்டோரமா கண்ணையன் மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டிருந்தாரு. இந்த நெலத்தையே வித்தவரு அவருதான்.

"கண்ணையண்ணா, அந்த மூலையில முன்னாடி இன்னா இருந்திச்சி?"

அவரு அருவாளைக் கீழ வெச்சிட்டு அந்தப் பக்கம் பாத்தாரு. கிட்ட வரல.

"கெணறு. எங்க மோட்டார் கெணறு. கெணத்தைத் தூத்தறதுன்னா, நடுவுல ஒரு பைப்பை நட்டு, அதோட வாய் வெளிய தெரியற மாதிரி வுட்டுட்டுத்தான் மண்ணு தள்ளுவோம். அது மூச்சு வுடணும்மா. படிச்சிப் படிச்சி சொன்னேன். பைப்பு தெரிஞ்சா எவன் மனை வாங்குவான்னு உன் மொதலாளி கேட்டாரு. ஜேசிபியை வுட்டு, மட்டை, கட்டை, குப்பை எல்லாத்தையும் தள்ளி ஒரே நாள்ல மூடிட்டாரு."

"மூச்சு வுட வழியில்லைன்னா இன்னாண்ணா ஆவும்?"

"தேடும்"னு சொல்லிட்டுப் புல்லுக்கட்டைத் தூக்கிக்கிட்டு அவரு போயிட்டாரு.

வூட்டுக்குப் போனா அங்க வேற ரோதனை. "கட்டிலுக்குக் கீழ யாரோ படுத்திருக்காங்கடி"ன்னான் முத்துக்குமரன். ஒரு மாசமாவே இதே பாட்டு. மாத்திரை வீரியம் அப்படித்தான் பேச வெக்கும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அவனைப் பொரட்டிப் போட்டு மாத்திரையைக் குடுக்கறப்ப ஒண்ணு கை தவறி, உருண்டு கட்டிலுக்குக் கீழ ஓடுச்சு. எப்பவும் அந்தப் பக்கமே ஓடும்.

"கொத்தனார் போட்ட தரையோட லட்சணத்தைப் பாரு"ன்னு சிரிச்சா.

"மட்டம் பாத்துத்தான்டி போட்டேன், என் ரசமட்டம் பொய் சொல்லாது"ன்னான் அவன். சிரிக்கல.

மறுநாள் காலையில செந்தில்நாதன்கிட்ட எல்லாத்தையும் சொன்னா. மனுசன் பதறுவாருன்னு பாத்தா, கையத் தட்டறாரு!

"இதைத்தாம்மா நான் சொன்னேன்! இனிமே எந்த நெலம் வாங்கினாலும் மொதல்ல நீதான் எறங்கி நடக்கற. எங்க எறங்குது, எங்க ஈரம்னு நீ சொல்ற எடத்துல பார்க்கைப் போட்டுடுவோம். வேலை பர்மனென்ட். மத்தியானம் ரெண்டு மணி நேரம் நீ வூட்டுக்குப் போயிக்கோ."

அவளுக்கு அழுகையே வந்துடுச்சு.

"பதினேழுல ஒரு பைப்பு வுட்டுடலாமா சார்?"

"அதை புக் பண்ணியாச்சு. வெள்ளிக்கிழமை பூமி பூஜை. நாளைக்கு அந்த மேடம் வரும், சிரிச்ச மொகமா காட்டி அனுப்பு. நம்ம நல்ல காரியமெல்லாம் அடுத்த சைட்லேர்ந்து."

வியாழக்கிழமை ப்ரீத்தி வந்தா. ஸ்கூல் டீச்சர். மனைக்குள்ள கால வெச்சதும் கொழந்தை மாதிரி ஒரு சுத்து சுத்தினா.

"குழி ஈசானி மூலையிலதானேக்கா வெட்டணும்? எங்க வூட்ல பதினஞ்சு பேரு வராங்க. எல்லாரும் சுத்தி நிக்க எடம் பத்துமா?" கல்லைத் தொட்டவ கையப் பாத்து வாயப் பொளந்தா. "இன்னாக்கா, ஈரமா இருக்குது! இந்த வெயில்ல தண்ணி ஊறுதுன்னா ராசியான மனைதான், இல்லக்கா?"

அவ செருப்புக்குப் பக்கத்துல ஒரு காஞ்ச புல்லு நகந்துச்சு. ஹேமலதா வாயத் தொறந்தா. முத்துக்குமரனோட முதுகு கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. இதைச் சொல்லிட்டா, பர்மனென்ட்டுன்னு சொன்ன மொதலாளி வாய் மறுபடி சொல்லுமா?

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. தொண்டை காயுது."

ப்ரீத்தி சிரிச்சிக்கிட்டே தன் பாட்டிலை நீட்டினா. ஹேமலதா மடமடன்னு குடிச்சா. "நீங்களே வெச்சிக்கோங்கக்கா"ன்னுட்டு அவ வண்டியேறிப் போயிட்டா.

பன்னெண்டு மணிக்கு வூட்டுக்குள்ள நொழையறப்ப கையில அரை கிலோ மைசூர்பாகு. "மாமா, வேலை பர்மனென்ட்!"ன்னா. முத்துக்குமரன் கண்ணை மட்டும் கட்டிலோட கால்மாட்டுக்குத் திருப்பிக் காட்டினான். கட்டில் அந்தப் பக்கமா சாஞ்சிருந்துச்சு.

குனிஞ்சு பாத்தா. கட்டில் கால் டைல்ஸை ஒடைச்சிக்கிட்டு ஒரு விரக்கடை எறங்கியிருந்துச்சு. விரிசல்ல ஈரம். கைய வெச்சா சில்லுனு இருந்துச்சு. ஒரு மாசமா உருண்டு போன மாத்திரை ஒண்ணுகூட அங்க இல்ல. நெத்தியில தொங்கின முடி தானா முன்னால நீண்டு, அந்த விரிசல் பக்கமா போச்சு. காத்து உள்ள போவுது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம், ஹ்ஹா...

"இப்ப கேக்குதா?"ன்னான் முத்துக்குமரன்.

"கேக்குது மாமா."

இதே மொதலாளி, இதே ஜேசிபி. இந்த மூலையில நின்னுக்கிட்டுத்தான் அன்னிக்கு விஜயராணி தண்ணி குடிச்சா. குடுத்து வெச்ச மகராசி! அந்த மகராசி மாதிரியேதான, வார்த்தை மாறாம, காலையில இவளும் செஞ்சிட்டு வந்திருக்கா.

கட்டிலோட தலமாட்டைப் புடிச்சு இழுத்தா. நகரல. ஒடஞ்ச டைல்ஸுக்குள்ள கால் மாட்டிக்கிச்சு. புருஷனைக் கக்கத்துல கை குடுத்துத் தூக்கி, தரையோட இழுத்துக்கிட்டே வாசலைத் தாண்டி தெருவுக்கு வந்தா. அவன் குதிகால் ரெண்டும் நெலப்படியில இடிச்சி ரத்தம் வந்துச்சு, அவனுக்குத் தெரியல. உள்ள கட்டில் இன்னும் கொஞ்சம் சாயற சத்தம் கேட்டுச்சு.

தெருவுல குந்திக்கிட்டு அவ மொதல்ல செஞ்சது போனை எடுத்ததுதான். மூணாவது ரிங்குல ப்ரீத்தி எடுத்தா. "சொல்லுங்கக்கா."

வாய் மறுபடி காஞ்சு ஒட்டிக்கிச்சு. மடியில புருஷன் தலை. தோள்ல கைப்பை, அதுல அந்தப் பாட்டில், பாதித் தண்ணியோட. அதை அவ தொடல.

"நாளைக்கு அங்க யாரையும் கூட்டிக்கிட்டு வராதம்மா"ன்னா. "அந்த எடத்துல ஒரு கெணறு இருக்குது."