நாலு பக்கமும் சமம் என்ற கணக்கு

1.

இந்தக் கதை ஒரு தப்பான கணக்கிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையதல்ல, புத்தகத்தினுடையது. நான் எழுத உட்கார்ந்ததோ என் ஓர்ப்படி உல்கானுக்கு நன்றி சொல்லத்தான். நேரில் சொன்னால், "போடி, வேலையப் பாரு" என்பாள்.

முதல் தொடக்கம்: 'நரின் மலைகளில் பனி உருகிக்கொண்டிருந்த அந்த...' வேண்டாம். எங்கள் ஊர் மலையில் பனி வருஷா வருஷம்தான் உருகுகிறது.

2.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். இருவருக்கும் நர்சிங் படிக்க ஆசை. அதற்கு நுழைவுத் தேர்வு, தேர்வில் கணக்கு. பால் கறந்தபடியே இயற்கணிதம் போட்டோம்.

"இந்த எக்ஸ் நம்ம மாமியார் மாதிரிடி சைகால். இந்தப் பக்கம் இருந்தா கூட்டல். அந்தப் பக்கம் தாண்டுனா கழித்தல்."

"மெதுவாக்கா, காதுல விழுந்துரும்" என்பேன் நான்.

வடிவியலுக்கு ரொட்டி மாவை வட்டமாகத் தட்டி, கத்தியால் கோடு கீறிக் கோணம் அளந்தோம். (அன்று ரொட்டி கோணல்மாணலாக வெந்தது. மாமனார் அதையும் மிச்சம் வைக்காமல் தின்றார். அவருக்கும் நன்றி.)

3.

நிகழ்தகவில்தான் அந்தக் கணக்கு இருந்தது. 'ஆட்டுக் கணுக்கால் எலும்புக்கு நான்கு பக்கங்கள். எறிந்தால் குறிப்பிட்ட ஒரு பக்கம் விழ நிகழ்தகவு என்ன?' விடை: நான்கில் ஒன்று.

விழுந்து விழுந்து சிரித்தோம். தாயக்கட்டை மாதிரி அந்த எலும்பை எறிந்து விளையாடாத பிள்ளை இங்கே உண்டா? அதற்கு இரண்டு பக்கம் அகலம், இரண்டு பக்கம் ஒடுக்கம்; அகலப் பக்கமாகத்தான் படுக்கும். ஒடுங்கிய பக்கத்தில் நிற்பது அபூர்வம்.

4.

ஆடுகள் குட்டி போடும் வாரத்தில் தேர்வு வந்தது. "ஒருத்தி போங்க, ஒருத்தி இருங்க" என்றார் மாமியார். வழக்கப்படி மூத்த மருமகளுக்குத்தான் முதல் உரிமை. உல்கான் மூத்தவள்.

(அடுத்து அவள் செய்ததை எழுதினால் இவ்வளவு நல்லவளை யார் நம்புவார்கள் என்று இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் தயங்க வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

அவள் எலும்பை எடுத்தாள்.

"போட்டுப் பாப்போம். யாரு பக்கம் விழுதோ அவ பரீட்சைக்குப் போகட்டும். அகலம் ரெண்டும் உனக்கு, ஒடுக்கம் ரெண்டும் எனக்கு."

"அக்கா, இது அநியாயம்."

"நாலு பக்கமும் சமம்னு புத்தகத்துல போட்டிருக்கு. புத்தகத்தையே எதுத்துப் பேசுனா மார்க் போயிரும், பாத்துக்க."

மாமியாருக்கும் எலும்பைப் பற்றித் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

உல்கான் எறிந்தாள்.

5.

முடிவு ஒன்று: அகலப் பக்கம் விழுந்தது. நான் போனேன்.

முடிவு இரண்டு: எலும்பு ஒடுங்கிய பக்கத்தில் நின்றேவிட்டது. "கம்பளத்துல தட்டிருச்சு, செல்லாது" என்று எடுத்து மறுபடி எறிந்தாள். நான் போனேன்.

எது நடந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டிலும் நர்ஸ் நான்தான். காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டும்போதெல்லாம் அவளை நினைத்து மனம் நிறைந்துபோகிறது.

மூன்றாவது முடிவும் எழுதினேன். என் கதைதானே, எலும்பு நான் சொன்னபடி விழாதா? ஒடுங்கிய பக்கத்தில் நிறுத்தி, அவளைத் தேர்வுக்குப் போகும் வண்டியில் ஏற்றினேன். ஆனால் எத்தனை தடவை எழுதினாலும், "குட்டிய யாரு பாக்குறது?" என்று அடுத்த வரியிலேயே இறங்கிவிடுகிறாள்.

ஆகவே எலும்பை அந்தரத்திலேயே விட்டிருக்கிறேன். வாசகரே, நீங்கள் அவளை வண்டியில் ஏற்றிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். உங்களைப் போல வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பேச்சை மட்டும் அவள் தட்டியதே இல்லை.